டெக்னோ மிக்சிங்: கிளிநொச்சிப் பெடியள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

பரந்தனுக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கி வேலை செய்கிறேன். கலியாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள், விளையாட்டுப் போட்டி என்று எதற்குக் கூப்பிட்டாலும் ஸ்பீக்கர் கட்டுவேன். இரவானால் டிஜே மேசையிலும் நிற்பேன். ஓகஸ்ட் விடுமுறைக்கு ஜெர்மனியிலிருந்தும் சுவிசிலிருந்தும் வரும் மச்சான்மார் சில வருடங்களாக "டெக்னோ போடுங்கோ" என்று கேட்கிறார்கள். அதைக் கேட்டு இங்கத்தைப் பெடியளுக்கும் ஆசை பிடித்துவிட்டது. முல்லைத்தீவு, மாங்குளம், வவுனியா என்று எல்லாப் பக்கமிருந்தும் வந்து பழகுகிறார்கள். எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள். அவற்றுக்கு ஆறுதலாக, வடிவாக ஒருமுறை பதில் எழுதி வைக்கிறேன்.

அண்ணா, இடிக்கிற பாட்டெல்லாம் டெக்னோவா?

இல்லை. டெக்னோ 1980களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் பிறந்தது. அந்நகருக்கு அருகே பெல்வில் என்ற ஊரில் ஒன்றாகப் படித்த ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற மூன்று கறுப்பின இளைஞர்களின் பெயரை முதலில் சொல்வார்கள். சிந்தசைசரையும் ட்ரம் மெஷினையும் வைத்து வீட்டு அறைகளில் செய்த இசை அது. 1989இல் பெர்லின் மதில் விழுந்த பிறகு, அந்நகரின் கிழக்குப் பக்கத்தில் ஆளில்லாமல் கிடந்த கட்டடங்களில் அது வேர்விட்டது. உங்கள் மச்சான்மார் கொண்டுவருவது பெரும்பாலும் அந்தப் பெர்லின் வழி வந்தது.

அடையாளம் எளிது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு கிக், அதாவது பெரிய ட்ரம்மின் இடி, விழும். நாலு அடி சேர்ந்தது ஒரு பார். வேகம் நிமிடத்துக்கு 125இலிருந்து 140 அடி வரை இருக்கும். இந்தக் கணக்கைத்தான் பிபிஎம் என்கிறோம். இன்னும் வேகமானவையும் உண்டு. பாடல் வரிகள் குறைவு. தொடக்கத்திலும் முடிவிலும் வெறும் தாளம் மட்டும் நீளமாகப் போகும். இன்னொரு டிராக்கோடு சேர்ப்பதற்காகவே அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். தனியாகக் கேட்டால் முடியாத பாட்டுப் போலத் தெரியும், இரண்டு சேரும்போதுதான் முழுமையாகும்.

பீற் சேர்ந்தால் போதாதா? கீ எதற்குப் பார்க்க வேண்டும்?

கீ என்றால் பாட்டு எந்தச் சுருதியில் நிற்கிறது என்பது. நானும் முதல் இரண்டு வருடம் அதைப் பார்க்கவில்லை, பிறகுதான் பார்க்கத் தொடங்கினேன். கிளிநொச்சியில் ஒரு கலியாண வீட்டில், 128இல் ஓடிய ஒரு டிராக்கை 132க்கு ஏற்றி மற்றதோடு சேர்த்தேன். இரண்டுக்கும் கீ ஒன்று என்று முன்கூட்டியே பார்த்து வைத்திருந்தேன், தாளமும் ஒட்டியது போல நின்றது. ஆனால் தடித்த கீழ் ஒலியான பேஸ் இரண்டும் சேர்ந்த இடத்தில் பந்தலே கலங்கியது. காலையில் தாலி கட்டும்போது நாதஸ்வரம் வாசித்த ஐயா முன் கதிரையில் இருந்தார். கிட்ட வந்து, "தம்பி, ஒன்று கால் கட்டை ஏறி நிற்குது" என்றார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். 128ஐ 132 ஆக்கும்போது வேகம் 3.1 சதவீதம் கூடுகிறது. அதோடு சுருதியும் ஏறும். சுருதியை நாம் கட்டையில் அளப்போம், ஒரு சுரத்தானத்திலிருந்து அடுத்ததற்கு அரைக் கட்டை. அந்த ஏற்றம் அரைக் கட்டையில் பாதிக்குச் சற்று மேல், கால் கட்டை என்றே சொல்லலாம். கருவி எதுவும் இல்லாமல் அவர் காது அதை அளந்திருந்தது.

அன்றிலிருந்து நான் சொல்லிக்கொடுப்பது ஒன்றைத்தான். மேளச் சத்தம் கேட்டு வளர்ந்த காது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. சுருதி சேராத நாதஸ்வரத்தை உங்கள் அம்மாவும் கண்டுபிடிப்பார். அந்தக் காதை டெக்னோவுக்குத் திருப்பிவிட்டால் போதும்.

வேகத்தைக் கூட்டினால் கீ ஏன் மாறுகிறது?

1990களில் வன்னியில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. பொருளாதாரத் தடையில் பற்றரி கிடைக்காது, மின்சாரம் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோவும் கேசட்டும் கேட்டோம். சுற்றுகிறவருக்குக் கை அலுத்தால் பாட்டு மெதுவாகும், பாடகரின் குரலும் தடிக்கும். உற்சாகத்தில் வேகமாகச் சுற்றினால் குரல் கீச்சிடும். நாடா ஓடும் வேகம்தான் தாளத்தையும் சுருதியையும் ஒன்றாகத் தீர்மானித்தது.

டிஜே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிட்ச் ஃபேடர் செய்வதும் அதே வேலை. இசைத்தட்டு வேகமாகச் சுழன்றால் இரண்டும் ஏறும். டிஜேக்கள் உலகம் முழுக்கப் பாவித்த டெக்னிக்ஸ் 1200 இசைத்தட்டு இயந்திரத்தில் அந்த ஃபேடர் 8 சதவீதம் மேலும் கீழும் போகும். மனதில் வைக்க ஓர் இலக்கம் போதும்: வேகம் ஏறக்குறைய 6 சதவீதம் கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறும். 2 சதவீதத்துக்குள் என்றால் பெரும்பாலான காதுகள் பொறுத்துக்கொள்ளும். 3 சதவீதம்தான் மிக மோசம், ஏனென்றால் அது ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவில், எந்தச் சுரத்திலும் நிற்காமல் தொங்கும்.

அப்படியென்றால் கீ லொக்கை எப்போதும் போட்டு வைக்கலாமே?

போடலாம், விலை ஒன்று இருக்கிறது. கீ லொக், மாஸ்டர் டெம்போ என்று வெவ்வேறு பெயரில் இருக்கும் பொத்தான் வேகத்தை மாற்றிச் சுருதியை அதே இடத்தில் பிடித்து வைக்கும். அதற்காக ஒலியைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி ஒட்டுகிறது. 3, 4 சதவீதம் வரை நல்ல மென்பொருளில் வித்தியாசம் தெரியாது. 8க்கு மேலே போனால் கிக்கின் முனை மழுங்கும், கைதட்டு ஒலி இரட்டையாகக் கேட்கும். டெக்னோவில் கிக்தான் உயிர், அதை மழுங்க விடக்கூடாது.

என் வழக்கம் இது: வேகம் 2 சதவீதத்துக்குள் மாறினால் கீ லொக் போடமாட்டேன். அதற்கு மேல் என்றால் போடுவேன். 6 சதவீதத்தை நெருங்கினால் மீண்டும் எடுத்துவிட்டு, அரைக் கட்டை ஏறிய புதுக் கீயாக அதை நினைத்துக்கொண்டு பொருத்தம் பார்ப்பேன்.

8ஏ, 9ஏ என்று மென்பொருளில் வருகிறதே, அது என்ன?

அதற்குக் கேமலொட் சக்கரம் என்று பெயர். மேற்கத்தைய இசையில் 12 மேஜர், 12 மைனர் என்று 24 கீ இருக்கின்றன. அவற்றை மனப்பாடம் செய்யாமல் இருக்க, மார்க் டேவிஸ் என்பவர் கடிகார முகம் போல 1இலிருந்து 12 வரை இலக்கம் போட்டார். ஏ என்றால் மைனர், பி என்றால் மேஜர். விதி சுருக்கம்: அதே இலக்கம் பொருந்தும், பக்கத்து இலக்கம் பொருந்தும், அதே இலக்கத்தில் ஏயும் பியும் ஒன்றோடொன்று பொருந்தும். 8ஏயில் ஒரு டிராக் ஓடினால் அடுத்ததாக 8ஏ, 7ஏ, 9ஏ, 8பி நான்கும் பாதுகாப்பு.

விதி தெரிந்தால் வேலை நடக்கும். காரணமும் தெரிந்தால் தைரியம் வரும், அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

8ஏ என்பது ஏ மைனர். நம் கணக்கில் 6 கட்டையில் ஸட்ஜம் வைத்த நடபைரவி. 8பி என்பது சி மேஜர், அதாவது 1 கட்டையில் சங்கராபரணம். இரண்டிலும் இருப்பது அதே ஏழு சுரங்கள், எதை ஸட்ஜமாக எடுக்கிறோம் என்பதுதான் வேறு. சங்கராபரணத்தின் தைவதத்தை ஸட்ஜமாக்கினால் நடபைரவி வரும். சங்கீதம் படித்தவர்கள் இதைக் கிரகபேதம் என்பார்கள். எட்டுக்கு எட்டு பொருந்துவதன் இரகசியம் இதுதான்.

9ஏ என்பது ஈ மைனர், 3 கட்டை. 6 கட்டைக்குப் பஞ்சமம் எதுவோ அதுதான் 3 கட்டை. ஸட்ஜமும் பஞ்சமமும் எவ்வளவு நெருங்கிய உறவு என்பது தம்புரா கேட்ட எவருக்கும் தெரியும். சக்கரத்தில் ஒவ்வொரு படியும் ஒரு பஞ்சமத் தூரம். ஒரு படி தள்ளினால் ஏழு சுரத்தில் ஆறு அப்படியே இருக்கும், ஒன்று மட்டும் மாறும். இரண்டு படி தள்ளினால் ஐந்து ஒத்துப்போகும். 8ஏயிலிருந்து 10ஏக்குப் போவது 6 கட்டையிலிருந்து 7 கட்டைக்கு ஒரு முழு ஏற்றம். சனம் களைக்கும் நேரத்தில் இதைச் செய்தால் பந்தலுக்கு உடனே ஒரு உசார் வரும். இரண்டு மெட்டும் ஒன்றின்மேல் ஒன்று நீளமாக ஓடக்கூடாது, அவ்வளவுதான்.

அரைக் கட்டை ஏற்றம் சக்கரத்தில் ஏழு படி. 8ஏ ஏறினால் 3ஏ. இவை இரண்டுக்கும் பொதுவாக இருப்பது இரண்டே சுரங்கள். நான் மேலே சொன்ன 6 சதவீதக் கணக்கை இதோடு சேர்த்துப் பாருங்கள். கீ லொக் இல்லாமல் 126 டிராக் ஒன்றை 133.5க்கு ஏற்றினால், திரையில் 8ஏ என்று எழுதியிருந்தாலும் ஸ்பீக்கரில் வருவது 3ஏ.

இன்னொன்று. ட்ராக்டர் மென்பொருள் பாவிக்கும் இலக்கம் வேறு. கேமலொட்டில் 8ஏ என்பது அங்கே 1எம். இரண்டு மென்பொருளில் பார்த்த இலக்கங்களை ஒரே பட்டியலில் கலந்துவிடாதீர்கள்.

மென்பொருள் காட்டும் கீயை நம்பலாமா?

மெலடி உள்ள பாட்டில் ஓரளவு நம்பலாம். டெக்னோவில் கவனம் தேவை. மென்பொருள் சுரங்களைக் கூட்டிப் பார்த்து எது அதிகம் என்று ஊகிக்கிறது. பல டெக்னோ டிராக்கில் ஒரே ஒரு பேஸ் சுரமும் கொஞ்ச இரைச்சலும்தான் இருக்கும். மைனரா மேஜரா என்று தீர்மானிக்கக் காந்தாரமே இராது. அப்போது அது பஞ்சமத்தை ஸட்ஜமாக எடுத்துக்கொள்ளும், அல்லது உலோகம் போன்ற ஓர் ஒலியைப் பிடித்துக்கொண்டு வேறு எதையோ சொல்லும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். போனில் சுருதிப்பெட்டி செயலி ஒன்று போட்டு வைத்திருக்கிறேன். டிராக்கில் பேஸ் தெளிவாகக் கேட்கும் நாலு பாரை லூப் செய்வேன், அதாவது திரும்பத் திரும்ப ஓட விடுவேன். எந்தச் சுரத்தில் வந்து உட்காருகிறதோ அதை வாயால் முனகிப் பார்ப்பேன். பிறகு சுருதிப்பெட்டியை ஒவ்வொரு அரைக் கட்டையாக நகர்த்துவேன். சேருமிடம் வந்தால் இரண்டு ஒலியும் ஒன்றாகிவிடும், தேடவே தேவையில்லை. அந்தக் கட்டையை டிராக்கின் பெயரோடு எழுதி வைப்பேன். என் பட்டியலில் "132, 5 கட்டை, மைனர் போல" என்றுதான் இருக்கும். ஒரு டிராக்குக்கு இரண்டு நிமிடம் போகும். அந்த இரண்டு நிமிடத்தில் டிராக்கும் உங்களுக்குப் பழகிவிடும்.

கிக்குக்கும் சுருதி உண்டு என்பதை மறக்க வேண்டாம். அநேகமான கிக்குகளின் அடிநாதம் 45இலிருந்து 60 ஹேர்ட்ஸுக்குள் நிற்கும். ஒன்று 49, மற்றது 52 என்றால் இரண்டும் சேரும்போது விநாடிக்கு மூன்று தடவை ஒலி பொங்கி அடங்கும். அந்தக் கலக்கத்தை எந்தச் சக்கரமும் காட்டாது. மருந்து ஒன்றுதான்: இரண்டு பேஸ் ஒரே நேரத்தில் திறந்திருக்கக் கூடாது. உள்ளே வரும் டிராக்கின் பேஸ் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூ திருகியை முழுதாக மூடி வைத்துச் சேருங்கள். புதுப் பகுதி தொடங்கும் அடியில் பழையதை மூடி, புதியதைத் திறவுங்கள். இரண்டு கையும் ஒரே கணத்தில்.

காதால் பீற் சேர்ப்பது எப்படி? சிங்க் பொத்தான் இருக்கிறதே?

ஹெட்போனில் புது டிராக்கின் முதல் கிக்கில் நிறுத்தி வையுங்கள். வெளியே ஓடுவதில் ஒரு பாரின் முதல் அடியில் அதை விடுங்கள். சில விநாடி கிக்குகள் ஒன்றாக விழும், பிறகு பிரியத் தொடங்கும். டடக், டடக் என்று குதிரை ஓடுவது போலக் கேட்டால் ஒன்று பின்தங்குகிறது. எது என்று தெரியாவிட்டால் ஜொக் சக்கரத்தை, அதாவது கையால் சுற்றும் வட்டத் தட்டை, மெல்ல முன்னுக்குத் தள்ளுங்கள். சேர்ந்தால் உங்கள் டிராக் மெதுவானது, ஃபேடரைக் கூட்டுங்கள். இன்னும் மோசமானால் மறுபக்கம்.

எவ்வளவு நேரத்தில் பிரிகிறது என்பதே அளவுகோல். வித்தியாசம் 2 பிபிஎம் என்றால் 15 விநாடியில் அரை அடி விலகும், ஒன்றின் கிக் மற்றதன் நடுவில் விழும். அரை பிபிஎம் என்றால் அதே விலகலுக்கு ஒரு நிமிடம் எடுக்கும். ஒரு நிமிடம் சேர்ந்து நின்றால் மிக்ஸ் செய்யலாம், இடையிடையே விரலால் தட்டிக் கொடுத்தால் போதும்.

சிங்க் பொத்தான் இரண்டு டிராக்கின் அடிகளையும் தானாகவே சேர்க்கும். அதைப் பாவிப்பது குற்றம் இல்லை. ஆனால் மூன்று மாதமாவது அதைத் தொடாமல் பழகுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மென்பொருள் அடிகளின் மேல் போடும் கோடுகள் பிழைத்தால் சிங்க் நம்பிக்கையோடு பிழையாகச் சேர்க்கும். அப்போது சரிசெய்யக் காது வேண்டும். கலியாண மண்டபத்தில் முந்நூறு பேர் முன்னால் நின்று அதைப் பழக முடியாது.

தாளமும் சேர்ந்தது, கீயும் சேர்ந்தது, ஆனாலும் ஏதோ இடிக்கிறது. ஏன்?

தொடங்கிய இடம் பிழை. என் அனுபவத்தில் தொடக்கக்காரர்களின் பாதிப் பிரச்சினை இதுதான்.

டெக்னோ கணக்கில் கட்டப்பட்டது. பாருக்கு நாலு அடி, எட்டுப் பார் ஒரு பகுதி, ஆக 32 அடி. ஆதி தாளம் போடத் தெரிந்தவர்கள் நாலு ஆவர்த்தனம் என்று எண்ணிக்கொள்ளலாம், கையில் போட்டுப் பார்க்கவும் வசதி. 128 பிபிஎம்மில் அது சரியாக 15 விநாடி. பதினாறு பார் என்றால் அரை நிமிடம். புது ஒலி நுழைவது, சிஸ் சிஸ் என்ற ஹைஹட் தாளம் விழுவது, கிக் நின்று மூச்சு விடுவது எல்லாம் இந்த எல்லைகளில்தான் நடக்கும். தவிற்காரர் தீர்மானம் வைத்து, தாளத்தின் முதல் அடியான சமத்தில் வந்து விழுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் சமத்துக்கு வரும்போது மற்றவர் நடு ஆவர்த்தனத்தில் நின்றால் எப்படி இருக்கும்? அதுதான் அந்த இடிப்பு.

முல்லைத்தீவுப் பக்கத்துக் கோவலன் கூத்தைப் பார்த்தவர்களுக்கும் இது புதிதில்லை. ஆட்டம் எங்கே மாறுகிறது என்பதை கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் மத்தளம் முன்கூட்டியே சொல்லிவிடும். டெக்னோவில் அந்த அறிவிப்பைச் செய்வது கடைசிப் பாரில் வரும் உருட்டலோ, சீறி ஏறும் ஓர் ஒலியோ.

ஆகவே வரிசை இது: முதலில் வேகம், பிறகு கணக்கு, அதன் பிறகு சுருதி. கணக்குச் சரியாக இருந்தால் சுருதியில் ஒரு சின்னப் பிழை மறையும். கணக்குப் பிழைத்தால் 8ஏயும் 8ஏயும்கூடக் காப்பாற்றாது.

வீட்டில் நன்றாகச் சேர்கிறது, பந்தலில் பிரிகிறது. கை நடுங்குகிறதா?

மேசை எங்கே இருந்தது என்று முதலில் கேட்பேன். எங்கள் பக்கத்தில் டிஜேயைப் பந்தலின் ஒரு மூலையில் இருத்துவார்கள், ஸ்பீக்கர் எதிர் மூலையில் நிற்கும். ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 345 மீட்டர்தான் போகும். 17 மீட்டர் தள்ளியிருந்தால் சத்தம் உங்களிடம் விநாடியில் இருபதில் ஒரு பங்கு பிந்தி வரும். 130 பிபிஎம்மில் அது ஓர் அடியில் பத்தில் ஒன்றுக்கு மேல். பிந்தி வரும் சத்தத்தோடு ஹெட்போனை ஒட்ட வைத்தால், வெளியே இருப்பவர்களுக்கு உங்கள் புது டிராக் அதே அளவு பிந்திக் கேட்கும். நீங்கள் சரியாகச் செய்ததாக நினைப்பீர்கள், அவர்களுக்கு டடக் என்று கேட்கும்.

சின்ன ஸ்பீக்கர் ஒன்றை மேசையிலேயே, காதுக்கு ஒரு மீட்டருக்குள் வையுங்கள். அது கிடைக்காவிட்டால் இரண்டு டிராக்கையும் ஹெட்போனிலேயே கேட்டுச் சேருங்கள். புளூடூத் ஹெட்போன் வேண்டவே வேண்டாம், அதன் தாமதம் இதைவிடப் பல மடங்கு. வயர் உள்ள மலிவான ஹெட்போன் எவ்வளவோ மேல்.

ஜெனரேட்டரில் ஓடினால் வேகம் மாறுமா?

மாறாது. டிஜே மேசையில் வைக்கும் கன்ட்ரோலரும் லப்டொப்பும் தங்களுக்குள் இருக்கும் பளிங்குத் துண்டின் அதிர்வைக் கொண்டு நேரம் பார்க்கின்றன. மின்சாரம் 50 ஹேர்ட்ஸில் நிற்காமல் 48க்கு இறங்கினாலும் பாட்டின் வேகம் அசையாது. கேசட்டுக்கு நடந்தது இதற்கு நடக்காது.

வேறு இரண்டு நடக்கும். வோல்ட் இறங்கினால் ஆம்பிளிஃபையர் பேஸைத் தாங்காது, கிக் தட்டையாகும். அப்போது சத்தத்தைக் கூட்டாதீர்கள், குறையுங்கள். மற்றது ம்ம்ம் என்ற இரைச்சல். அதற்கும் ஒரு சுருதி இருக்கிறது. 50 ஹேர்ட்ஸும் அதன் இரட்டை 100உம் 5 கட்டைக்குக் கொஞ்சம் மேலே நிற்கும், எந்தக் கட்டையிலும் சேராது. கிக் நின்று அமைதியாகும் இடத்தில் டிராக்கின் மேல் அழுக்குப் போலப் படியும். மிக்சருக்கும் ஆம்பிளிஃபையருக்கும் ஒரே பலகையிலிருந்து மின்சாரம் எடுத்து, சமநிலைக் கேபிள் பாவித்தால் பெரும்பாலும் போய்விடும்.

நடுவில் தமிழ்ப் பாட்டும் பைலாவும் கேட்கிறார்கள். டெக்னோவிலிருந்து எப்படிப் போவது?

போடுங்கள். கேட்கிறவர்கள் அந்த வீட்டுச் சனம்.

குத்துப் பாட்டுகளில் பலவும் பைலாவும் திஸ்ர நடை, ஓர் அடிக்கு மூன்று துண்டு. டெக்னோ சதுஸ்ரம், ஓர் அடிக்கு நாலு. முதன்மை அடியின் வேகம் ஒன்றாக இருந்தால் கிக்குகள் சேரும், இடையில் விழும் சின்ன ஒலிகள் மோதும். ஆகவே டெக்னோவின் மேல் ஒலியை ஈக்யூவில் மூடி, ஹைஹட்டை எடுத்துவிடுங்கள். வெறும் கிக் மட்டும் மிஞ்சும். அதன் மேல் பைலாவின் தாளத்தை ஏற்றி, எட்டுப் பாருக்குள் கிக்கையும் எடுத்துவிடலாம். நாலிலிருந்து மூன்றுக்கு மாறுவதை உடம்பு முதலில் பிடிக்கும், ஆடிக்கொண்டிருப்பவர்களின் தோள் மாறுவது மேசையிலிருந்தே தெரியும். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த கணம் அது.

மெல்லிசைப் பாட்டு 65 பிபிஎம் என்றால் 130க்குச் சரி பாதி. அதன் ஓர் அடிக்கு டெக்னோவின் இரண்டு அடி, அப்படியே உட்காரும். பழைய பாட்டுகளில் மட்டும் எச்சரிக்கை. வாத்தியக்காரர்கள் ஒன்றாக இருந்து வாசித்தவை, தாளம் மூச்சு விடும். பல்லவியில் 118, சரணத்தில் 121 என்று போகும். ஒலிநாடாவிலிருந்து மாற்றியவற்றின் சுருதியும் சரியான கட்டையில் நிற்காது. அவற்றோடு நீளமாக மிக்ஸ் செய்ய முயல வேண்டாம். டெக்னோவை எதிரொலியில் கரைய விட்டு, பாட்டை அதன் முதல் இசையிலிருந்தே தொடங்குவதுதான் அந்தப் பாட்டுக்கும் மரியாதை.

குழாய் ஸ்பீக்கரில் டெக்னோ போடலாமா?

வேண்டாம். கோயிலில் கட்டும் குழாய்க்குக் குரல் தூரத்துக்குப் போகும், கிக்கின் அடிநாதம் வராது. டிக் டிக் என்றுதான் கேட்கும்.

ஓர் இரவுக்கு வேகத்தை எப்படி வைப்பது?

ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி எடுக்க வேண்டும். பெரும்பாலும் 10 மணியோடு நிறுத்த வேண்டிவரும். சாப்பாடு, படம் எடுப்பது, கேக் வெட்டுவது எல்லாம் போக எனக்கு இரண்டு மணித்தியாலம் கிடைத்தால் பெரிது. 124இல் தொடங்குவேன். இரண்டு டிராக்குக்கு ஒருமுறை ஒரு பிபிஎம் ஏற்றுவேன், முடியும்போது 134 அளவில் நிற்பேன். ஏற்றுவதைக் கிக் இல்லாத இடத்தில் செய்தால் யாருக்கும் தெரியாது. ஒரே மிக்ஸில் 126இலிருந்து 132க்குத் தாவினால் சனம் நின்றுவிடும், ஏன் நின்றோம் என்று அவர்களுக்கே தெரியாது.

கீயையும் இதே போலப் பாருங்கள். முழு இரவும் 8ஏ, 8ஏ என்று போனால் பிழையே இராது, ஆனால் காது அலுத்துவிடும். நாலைந்து டிராக்குக்கு ஒருமுறை பக்கத்துக்கு நகருங்கள். ஓர் இரவில் ஓரிரு தடவை ஒரு கட்டை ஏற்றுங்கள்.

பழக என்ன வாங்க வேண்டும்?

லப்டொப் இருந்தால் மிக்ஸ் மென்பொருளை, எழுத்தில் மூன்று எக்ஸ் வரும் அந்த மிக்ஸை, இலவசமாகத் தரவிறக்கலாம். கீயும் காட்டும், பிபிஎம்மும் காட்டும். பாவித்த இரண்டு டெக் கன்ட்ரோலர் ஒன்று பிறகு தேடுங்கள். டிராக்குகளைக் காசு கொடுத்து நல்ல தரத்தில் வாங்குங்கள். காணொளித் தளங்களிலிருந்து இழுத்தவற்றில் பேஸ் மங்கி இருக்கும், பெரிய ஸ்பீக்கரில் அது வெளிச்சமாகத் தெரியும். இருபது டிராக் போதும். இருபதையும் கண்ணை மூடிக்கொண்டு எண்ணத் தெரிய வேண்டும்.

மே மாதத்தில் நிகழ்ச்சி எடுப்பீர்களா?

நடுப்பகுதியில் எடுப்பதில்லை. 18ஆம் திகதி நாங்களும் முள்ளிவாய்க்காலுக்குப் போகிற குடும்பம். அந்த வாரம் ஸ்பீக்கர் எல்லாம் கொட்டிலுக்குள் இருக்கும். கேட்டு வருகிறவர்களும் இங்கத்தை ஆட்கள்தான், விளங்கிக்கொள்வார்கள்.

கீ பொருந்தாத இரண்டு டிராக்கைச் சேர்த்தே ஆக வேண்டும் என்றால்?

மூன்று வழி உண்டு. முதலாவது, தாளம் மட்டும் இருக்கும் இடங்களில் சேருங்கள். வெளியே போகும் டிராக்கின் கடைசிப் பதினாறு பாரிலும் உள்ளே வரும் டிராக்கின் முதல் பதினாறு பாரிலும் பெரும்பாலும் சுரமே இராது. சுரம் இல்லாவிட்டால் மோதலும் இல்லை. இரண்டாவது, கீ மாற்றும் பொத்தானால் அரைக் கட்டை ஏற்றியோ இறக்கியோ பாருங்கள். 8ஏயும் 2ஏயும் சேரவே சேராது, 2ஏயை அரைக் கட்டை ஏற்றினால் 9ஏ ஆகிவிடும். அரைக் கட்டைக்கு மேல் நான் போவதில்லை, குரலும் பேஸும் பொய்யாகக் கேட்கும்.

மூன்றாவதுதான் எனக்கு அதிகம் கை கொடுத்தது. ஓடுவதில் கிக்கும் கைதட்டும் மட்டும் உள்ள ஒரு பாரை லூப் செய்து சுற்ற விடுங்கள். எட்டுப் பாருக்கு வேறு எதுவும் வேண்டாம். பழைய சுருதி சனத்தின் காதிலிருந்து கழன்றுவிடும். பிறகு புது டிராக்கை அதன் பேஸோடு முதல் அடியில் திறவுங்கள். 128இல் அந்த எட்டுப் பாருக்கு 15 விநாடி. மேசையில் நிற்கும்போது மிக நீளமாகத் தோன்றும். அவசரப்பட்டு நாலு பாரில் திறந்துவிடாதீர்கள், எட்டையும் எண்ணுங்கள்.